சம்பா கோயில் சுவரும் தேவ அருளும்

பாவம் என்கிற சொல்லை நம்ம சனங்க ரெண்டு விதமாகச் சொல்கிறார்கள். கோயிலில் முழங்கால் போட்டு நிற்கிறபோது 'நான் பாவி' என்று நெஞ்சில் தட்டிக்கொள்கிறார்கள். தெருவில் ஒருத்தன் அடிபட்டுக் கிடந்தால் 'ஐயோ பாவம்' என்கிறார்கள். முதல் பாவம் செய்தவனுக்கு உரியது. ரெண்டாவது பாவம், பட்டவனுக்கு உரியது. ஒரே சொல், எதிரும் புதிருமான ரெண்டு ஆட்கள். வேறு எந்த மதப் புத்தகமும் சொல்லித்தராத ஒரு உண்மையைத் தமிழ்ப் பேச்சு இப்படி வைத்துக்கொண்டிருக்கிறது: பாவம் என்று ஒன்று நடந்தால் அங்கே ரெண்டு பேர் இருக்கிறார்கள்.

கிறிஸ்தவ இறையியல் இதில் முதல் ஆளைப் பற்றித்தான் ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக்கும் மேலாகப் பேசி வந்திருக்கிறது. மனிதன் பாவி, தன் முயற்சியால் அவன் கரையேற முடியாது, கடவுள் இலவசமாகக் கொடுக்கிற அருள்தான் அவனைத் தூக்கிவிடும். 5ஆம் நூற்றாண்டில் பெலாஜியசோடு மல்லுக்கட்டிய அகுஸ்தீன் இதை அழுத்திச் சொன்னார். 1517இல் கலகம் தொடங்கிய லூத்தர் இதை இன்னும் அழுத்தினார். அருள் எப்படி வேலை செய்கிறது என்பதில் கத்தோலிக்கர்களும் லூத்தரன்களும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டு, 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டுச் சமாதானமானார்கள். ஆனால் தமிழ் மண்ணில் அவர்கள் முன்னூறு வருசத்துக்கு முன்பே ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்விட்டார்கள். தரங்கம்பாடியில் 1718இல் கட்டப்பட்ட லூத்தரன் கோயிலிலும் பறையர்கள் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். புதுச்சேரியின் கத்தோலிக்கக் கோயிலிலும் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். அருளில் சண்டை, சாதியில் சமரசம்.

அருள் பாவத்தை வெல்லும் என்கிற போதனை சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. புதுச்சேரியில் அந்த அருள் எங்கே வந்து நின்றது, யார் அதை நிறுத்தினார்கள், யார் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள் என்பதை ஒரு தலித் பார்வையில் வாசித்துப் பார்க்கவேண்டும். அதற்குச் சில பழைய சொற்களும் ஒரு நாட்குறிப்பும் போதும்.

1

முதலில் சொற்கள். பழைய கத்தோலிக்க ஞானோபதேசத்தில் பாவம் ரெண்டு வகை. ஆதாம் ஏவாள் வழியாகப் பிறக்கிறபோதே ஒட்டிக்கொண்டு வருவது சென்மப் பாவம். நாமாகச் செய்வது கர்மப் பாவம். சென்மம், கர்மம் என்கிற இந்த ரெண்டு சொல்லும் எங்கிருந்து வந்தவை என்று நமக்குத் தெரியும். போன சென்மத்துக் கர்மத்தால்தான் நீ சேரியில் பிறந்தாய் என்று எந்தச் சொற்களைக்கொண்டு நம்மை ஒதுக்கினார்களோ, அதே சொற்களைக்கொண்டுதான் பாதிரிமார்கள் இரட்சிப்பையும் சொன்னார்கள்.

இதில் ஒரு கலகம் இருந்தது. பழைய கதையில் பறையனின் பிறப்பு மட்டும்தான் தீட்டு. புதிய கதையில் பிறந்த அத்தனை பேருக்கும் பிறப்பிலேயே கறை. முதலியாருக்கும் கறை, பிள்ளைக்கும் கறை, பிரெஞ்சு கவர்னருக்கும் கறை. சென்மப் பாவத்தில் மேல்சாதி கீழ்சாதி கிடையாது. அதைக் கழுவுகிற தண்ணியும் ஒரே தண்ணிதான். பிறப்பால் யாரும் சுத்தம் இல்லை என்று சொன்ன மாத்திரத்தில் வர்ணாசிரமத்தின் அடிக்கல் ஆடியிருக்கவேண்டும். நம்ம ஆட்கள் கூட்டங்கூட்டமாக அந்தத் தண்ணிக்குப் போனதற்கு அரிசியையும் கோதுமையையும் மட்டும் காரணம் காட்டுகிறவர்கள் இந்தச் செய்தியின் கவர்ச்சியைக் கவனிப்பதில்லை.

அருளுக்குப் பழைய சொல் இஷ்டப்பிரசாதம். தேவன் தன் இஷ்டத்தால் கொடுக்கிற பிரசாதம். இலவசம் என்பது இதில் நன்றாகத்தான் விழுகிறது. ஆனால் பிரசாதம் என்றாலே ஒரு வரிசை வந்துவிடுகிறது. யார் முதலில் வாங்குவது, யார் கடைசியில் வாங்குவது, யாருக்குக் கையில் கொடுப்பது, யாருக்கு எட்டி நின்று போடுவது, யார் வாசலுக்கே வரக்கூடாது. அருள் என்ன என்பதை இந்தச் சொல் சொல்லும்போதே அதை விநியோகிக்கிற அதிகாரம் யார் கையில் என்பதும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது.

புதுச்சேரியின் பெரிய கோயிலுக்கு ரெண்டு பெயர். மிஷன் வீதியில் இப்போது நிற்கிற கட்டடம் 1791இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் பெயர் ஜென்மராக்கினி மாதா கோயில். மரியாள் கருவான முதல் கணத்திலேயே அருளால் சென்மப் பாவக் கறையிலிருந்து காக்கப்பட்டாள் என்பது அந்தப் பெயரின் உட்பொருள். ஒன்பதாம் பத்திநாதர் 1854 டிசம்பர் 8இல் இதை விசுவாச சத்தியமாக அறிவித்தார். சனங்கள் வாயில் வழங்குகிற பெயர் சம்பா கோயில். பவுல் என்கிற பெயரின் திரிபு அது. முந்திய கோயிலின் காலத்திலிருந்தே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு பெயர் கறையில்லாத பிறப்பைச் சொல்கிறது. மற்றது, பாவம் எவ்வளவு பெருகினாலும் அருள் அதை மிஞ்சும் என்று ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் வாதாடிய பவுலின் பெயர். ரெண்டுமே அருளின் பெயர்கள். அப்படிப்பட்ட கோயிலுக்குள்தான் பிறப்புக் கறைக்கு ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள்.

2

சுவருக்கு முன்னால் எச்சில் கதை ஒன்று இருக்கிறது.

1703 நவம்பரில் போப்பாண்டவரின் தூதராக தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். இங்கே சேசு சபையார் நடத்திவந்த மிஷனில் சாதி ஆசாரங்களுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று புகார் போயிருந்தது. விசாரித்துவிட்டு 1704இல் ஒரு ஆணை போட்டார். மலபார் சடங்குகள் சர்ச்சை என்று சபை வரலாற்றில் பெயர் பெற்ற வழக்கு இதுதான். அந்த ஆணையில் நாம் கவனிக்கவேண்டியவை ரெண்டு.

ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் தன் எச்சிலைத் தொட்டு, முழுக்குப் பெறுகிறவரின் காதிலும் மூக்கிலும் வைப்பது அன்றைய ரோமை வழக்கம். காது கேளாதவனை இயேசு எச்சில் தொட்டுக் குணமாக்கிய கதையிலிருந்து வந்த சடங்கு அது. எச்சில் என்றால் தமிழ் உயர்சாதிகள் அருவருப்பார்கள் என்று பாதிரிமார்கள் அதை விட்டுவிட்டார்கள். விடக்கூடாது என்றது ஆணை. இரண்டாவது, சாகக் கிடக்கிற பறையருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கப் பாதிரியார் சேரிக் குடிசைக்குள் போவதில்லை. நோயாளியை வெளியே தூக்கிக்கொண்டு வரச்சொன்னார்கள். குடிசைக்குள் போனால் உயர்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பாதிரியாரே தீட்டாகிவிடுவார். வீட்டுக்குள் போய்த்தான் கொடுக்கவேண்டும் என்றது ஆணை.

தூர்னோன் ஒன்றும் நம்ம ஆள் இல்லை. ரோமையின் சட்டதிட்டம் சிதையக்கூடாது என்பதுதான் அவர் கவலை. சேசு சபையாரும் வெறும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. உயர்சாதியை இழந்தால் மிஷனே போய்விடும் என்று பயந்தார்கள். ஆனால் அந்தப் பயம் என்ன செய்தது என்று பார்க்கவேண்டும். பாவத்தைப் பற்றிய போதனைக்கு மேலே தீட்டைப் பற்றிய போதனையை ஏற்றி வைத்தது. பாவம் மனசுக்குள்ளிருந்து வருவது, தீட்டு வெளியிலிருந்து ஒட்டுவது. வாய்க்குள் போவது மனுசனை அசுத்தப்படுத்தாது, இதயத்திலிருந்து வருவதுதான் அசுத்தப்படுத்தும் என்று இயேசு இந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே போதித்திருந்தார். புதுச்சேரியில் இதைத் தலைகீழாக்கினார்கள். செத்துக்கொண்டிருக்கிற ஒரு பறையனின் பாவத்தை மன்னிக்கிற அருள், அவன் குடிசை வாசப்படியைத் தாண்டினால் தீட்டாகிவிடும்!

நாற்பது வருசம் இந்த வழக்கு இழுத்தது. கடைசியில் 1744 செப்டம்பர் 12இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஒரு ஆணைமடல் வெளியிட்டு முடித்து வைத்தார். சடங்குகள் விஷயத்தில் தூர்னோன் பக்கம் நின்றது ரோமை. பறையர் விஷயத்தில் மட்டும் ஒரு ஏற்பாட்டை ஒத்துக்கொண்டது: பறையருக்கென்றே சில பாதிரிமார்களைத் தனியாக ஒதுக்கிவிடலாம். குடிசைக்குள் போகிறவர்கள் அவர்கள், உயர்சாதி வீட்டுக்குப் போகிறவர்கள் வேறு ஆட்கள். அருள் ஒன்றுதான், ஊற்றிக் கொடுக்கிற கை வேறு. டீக்கடை ரெட்டை டம்ளருக்குத் தமிழ்நாட்டில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் இந்த 1744ஆம் வருசத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

3

அடுத்த வருசமே, 1745 அக்டோபரில், சுவர் இடிந்தது.

இதை நமக்குச் சொல்கிறவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இலிருந்து சாகும்வரை நாட்குறிப்பு எழுதிய வணிகர். பிறகு துய்ப்ளேக்ஸ் துரையின் தலைமைத் துபாஷ். பேச்சுத்தமிழும் அரபி, பாரசீக, பிரெஞ்சுச் சொற்களும் கலந்து கிடக்கிற அவர் நடையைத் தமிழ் உரைநடையின் பொக்கிஷம் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அந்தப் பொக்கிஷத்துக்குள் நாம் எப்படி வருகிறோம் என்பதுதான் நம் கேள்வி.

அவர் பதிவின் சாரம் இது. சம்பா கோயிலுக்குள் வடபக்கம் ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவரின் தூண்டுதலும் அதில் இருந்தது. பறையர்கள் பெரிய பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள்: நாங்களும் கிறிஸ்தவர்கள் என்றால், ஆண்டவருக்கு முன்னால் எல்லோரும் சமம் என்றால், நடுவில் இது எதுக்கு? பாதிரியார் பதில் சொல்ல முடியாமல் சுவரை இடிக்கச் சொன்னார். சாதிக் கிறிஸ்தவர்கள் பொங்கினார்கள். பாதிரியாரோடு வாக்குவாதம் முற்றியது. விவகாரம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரைக்கும் போனது. சர்க்கார் கூட்டத்தை அடக்குவதில்தான் குறியாக இருந்தது.

பிள்ளையின் எழுத்தை வரிக்கு வரி நம்பவேண்டியதில்லை. சாதி இந்துவான அவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஆள். கிறிஸ்தவர்களுக்குள் சண்டை என்றால் அவருக்கு ஒரு சுவாரசியம். முதலியார்களுக்கு அவர் எழுத்தில் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. நம்ம ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகக் கேட்கிறார்கள், கூட்டமாக மறைந்துபோகிறார்கள். ஆனாலும் ஒன்றை அவரால் மறைக்க முடியவில்லை. அந்தக் கூட்டம் கெஞ்சவில்லை, வாதாடியது. பாதிரியார் போதித்த பாடத்தையே எடுத்து அவர் முன்னால் வைத்து, இது உண்மைதானா என்று கேட்டது. இறையியல் என்பது இதுதான். புதுச்சேரியில் அருளைப் பற்றி எழுதப்பட்ட எல்லா வியாக்கியானங்களையும்விட, எழுதத் தெரியாத அந்த மனுசர்கள் கேட்ட கேள்வி கனமானது.

அதே பதிவில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. தலைமைத் துபாஷ் கனகராய முதலியாரின் குடும்பத்துப் பெண் ஒருத்தி நகை பூட்டி, மெல்லிய சேலை கட்டி, வாசனை பூசிக் கோயிலுக்கு வந்திருக்கிறாள். பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, நீ என்ன தாசியா என்கிற தோரணையில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தி வீட்டுக்கு அனுப்புகிறார். சாதிக் கிறிஸ்தவர்களின் கோபத்துக்கு இதுவும் சேர்ந்துகொள்கிறது. சுவர் இடித்த பாதிரியார் என்று அவரைத் தலையில் தூக்கி வைப்பதற்கு முன்னால் தோழர்கள் இந்த இடத்தில் நிற்கவேண்டும். சாதியைப் பாவம் என்று அந்தப் பெண்ணின் வீட்டு ஆண்களிடம் அவர் சொல்லியிருக்கலாம். சொன்னதாகப் பதிவு இல்லை. பாவம் அவர் கண்ணுக்கு ஒரு பெண்ணின் சேலையிலும் கொண்டையிலும்தான் தட்டுப்படுகிறது. ஒரு சமூகத்தின் பெரிய பாவத்துக்குப் பெயர் வைக்க மறுக்கிற சபை, சின்னச்சின்னப் பாவங்களைப் பெண்ணின் உடம்பில் தேடும். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்குப் பிரசங்க மேடையில் நைட்டியையும் சுடிதாரையும் கண்டிக்கிறபோதும் அப்படித்தான்.

சுவர் இடிந்து ஆறே வாரத்தில், நவம்பர் 30இல், உழவர்கரையில் அதே கனகராய முதலியார் கட்டிய அந்திரேயா கோயில் அர்ச்சிப்பு. ஊரையே கூப்பிட்டு விருந்து. யார் யார் கையால் சமைத்தால் யார் யார் சாப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, அவரவர் சாதிக்குத் தக்கபடி தனித்தனி ஏற்பாடு. இது கிறிஸ்தவ முறைக்கும் ஒட்டவில்லை, இந்து முறைக்கும் ஒட்டவில்லை என்று பிள்ளை குறைபட்டுக்கொள்கிறார். கோயில் சுவர் போன இடத்தில் பந்திச் சுவர் வந்தது. செங்கல்லை இடிக்க ஒரு நாள் போதும். பந்தியை?

4

பந்தி என்று வந்துவிட்டதால் பவுலிடம் திரும்பிப் போகலாம். சம்பா கோயிலுக்குப் பெயர் கொடுத்தவர் ஆயிற்றே.

அருளைப் பற்றிய அவர் வாதம் எங்கே பிறந்தது? தனி அறையில் தன் மனசாட்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் பிறந்தது. அந்தியோக்கியாவில் யூதக் கிறிஸ்தவர்களும் புறசாதிக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து சாப்பிட்டு வந்தார்கள். பேதுருவும் சேர்ந்துதான் சாப்பிட்டார். எருசலேமிலிருந்து ஆசாரக்காரர்கள் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பேதுரு இலையை நகர்த்திக்கொண்டு போய்விட்டார். அவர் போனதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவை நேருக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரம் இது. ஆசாரத்தால் யாரும் நீதிமான் ஆவதில்லை, அருளால்தான் என்கிற வாதம் அதன் தொடர்ச்சியாக வருகிறது. எபேசியருக்கான கடிதத்திலோ, ரெண்டு சனங்களுக்கு நடுவில் நின்ற பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து இடித்துப்போட்டார் என்றே போதனை இருக்கிறது.

சுவீடன் நாட்டு அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் வெளியான ஒரு கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: பவுலின் கேள்வி ரெண்டு சனக்கூட்டம் எப்படி ஒன்றாவது என்பது, குற்றவுணர்ச்சியில் வெந்துபோகிற தனிமனிதனின் கேள்வியாக அதை மாற்றியது பிற்கால ஐரோப்பா. 1745இல் சம்பா கோயிலில் நின்ற பறையர்கள் ஸ்டெண்டாலைப் படிக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதங்களை அவர்கள் சரியாக வாசித்துவிட்டார்கள். சுவர் நிற்கிற இடத்தில் அருள் இல்லை என்பது அவர்கள் வாசிப்பு. பேதுரு இலையை நகர்த்தினதுபோலப் புதுச்சேரி முதலியார்கள் நகர்த்தினார்கள். கண்டிக்கத்தான் பவுல் இல்லை. பவுலின் வேலையைச் சேரி எடுத்துக்கொண்டது.

5

இப்போது கடினமான கேள்வி. பாவம், அருள் என்கிற இந்தப் பேச்சே நமக்குத் தேவையா?

அண்ணல் அம்பேத்கர் கிறிஸ்தவம் தழுவிய தீண்டப்படாதாரைப் பற்றி எழுதி, அவர் காலத்துக்குப் பிறகு அச்சான கட்டுரையில் இதே இடத்தில்தான் கை வைக்கிறார். உன் வீழ்ச்சிக்கு ஆதிப் பாவம்தான் காரணம், அதற்கு மன்னிப்பு கிறிஸ்துவிடம் இருக்கிறது என்று மிஷனரி சொல்லிக்கொடுக்கிறான். உன் வீழ்ச்சிக்கு உன்னைச் சுற்றியுள்ள சமூக ஏற்பாடு காரணம், அதைத் தாக்கு என்று சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால்தான் மதம் மாறியவன் போராட்ட உணர்வு இல்லாமல் போகிறான் என்பது அவர் குற்றச்சாட்டு. அடிபட்டவனையே குற்றவாளியாக நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்கிற போதனை என்று இதைச் சுருக்கலாம். எந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைக் கேட்டாலும் அண்ணல் சொன்னது பொய்யில்லை என்று விளங்கும்.

ஆனால் அந்தப் போதனை சனங்களிடம் வந்து சேர்ந்தபோது அப்படியே கிடக்கவில்லை. 1745 அதற்குச் சாட்சி. அருளை நம்பின சனம்தான் சுவரைக் கேள்வி கேட்டது. ஆகவே நாம் போதனையைத் தூக்கி எறிவதா வைத்துக்கொள்வதா என்பதைவிட, அதில் யார் பாவி என்பதைத் திருப்பிக் கேட்பதுதான் இப்போதைய வேலை. 'ஐயோ பாவம்' என்று சனங்கள் சொல்கிற அந்த ரெண்டாவது ஆளை இறையியலுக்குள் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். 1980களில் அரவிந்த் நிர்மல் போன்றவர்கள் தலித் இறையியல் என்று பேசத் தொடங்கியபோது அதைத்தான் செய்தார்கள். பாமாவின் 'கருக்கு' (1992) கன்னியர் மடத்தின் உள்ளேயிருந்து அதைச் செய்தது. புதுச்சேரியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து 2024இல் மறைந்த ராஜ் கௌதமன், 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் (2002) ஒரு கத்தோலிக்கப் பறையர் பையனின் கண்வழியாக அதைச் சிரித்துச்சிரித்தே செய்தார்.

பட்டவன் பக்கம் நின்று பார்த்தால் மன்னிப்பு என்பதன் அர்த்தமே மாறிவிடுகிறது. நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுவது மன்னிப்புத்தான். எறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. சாவு ஊர்வலப் பாதையிலும் கல்லறையிலும் பாகுபாடு. பொறுத்துப்பார்த்த தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9இல் வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்கள் குடியிருப்பைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் 2 பேர் செத்துப்போனார்கள். செத்த ரெண்டு பேரும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்களே. சாதி தன் ஆட்களையும் விட்டுவைக்காது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அவர்களுக்கும் நாம் ஐயோ பாவம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் இப்படி ஒவ்வொரு முறை நடக்கிறபோதும் 'கிறிஸ்துவின் அன்பில் ஒப்புரவாகுங்கள்' என்று உபதேசம் வருகிறதே, அது யாரைப் பார்த்து வருகிறது?

கத்தோலிக்க சபையின் சொந்தப் போதனையே இங்கே நமக்குத் துணை. பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது, அபராதம் தீர்க்கவேண்டும். திருடினவன் திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சகேயு என்கிற வரிவசூல்காரன் ஏமாற்றி வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று லூக்கா எழுதுகிறார். அருள் இலவசம்தான். ஆனால் அருள் வந்த வீட்டில் கணக்குப் புத்தகம் திறக்கப்படும். ஹிட்லரின் ஆட்சியில் 1945இல் தூக்கிலிடப்பட்ட போன்ஹோபர் 1937லேயே எழுதினார்: மனம் மாறாமல் மன்னிப்பை மட்டும் விநியோகிப்பது மலிவுவிலை அருள்.

சாதி ஒரு பாவம் என்று சபை சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறது. 1982இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர்கள் சாதிப் பாகுபாடு கிறிஸ்தவத்தையே மறுப்பது என்றார்கள். 2003இல் இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதி பார்ப்பது கிறிஸ்தவச் சாட்சியத்துக்கே எதிரானது என்றார். 2016இல் ஆயர் பேரவை தலித் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். அறிக்கையெல்லாம் சரிதான். அறிக்கை கோயில் வாசலில் ஒட்டப்படும், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போகாது. அங்கே மண்டியிடுகிற ஒருத்தன் பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை என்கிறான். கல்லறையில் சுவர் வைத்தேன், என் மகள் தலித் பையனைக் கட்டக்கூடாது என்று வீட்டில் பூட்டி வைத்தேன் என்று சொல்ல அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பாவம் என்றே தெரியாத பாவத்தை அருள் எப்படி வெல்லும்?

சர்க்கார் இன்னொரு பக்கம். இந்த ஊரில் 1881இல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் போட்டது. உன் பழைய வழக்காறுகளை விட்டுவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம், புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் தலித்துகளும் கிறிஸ்தவர்களும் நிறைய. சாதியிலிருந்து தப்பிக்கக் கோயிலில் ஒரு முழுக்கு, சர்க்காரில் ஒரு முழுக்கு! அதன் பிறகு வந்த இந்தியச் சட்டமோ, 1950 ஆணையிலும் புதுச்சேரிக்கென்று போட்ட 1964 ஆணையிலும், ஞானஸ்நானம் வாங்கினவன் பட்டியல் சாதி இல்லை என்றது. தண்ணி பட்டதும் சாதி போய்விட்டது என்று நம்புகிறது சட்டம். போகவில்லை என்கிறது கல்லறை. அருளின் வல்லமையில் சபைக்கு இல்லாத விசுவாசம் சர்க்காருக்கு இருக்கிறது, நமக்குச் சலுகை மறுக்கிற விஷயத்தில் மட்டும்.

நம் கோரிக்கை இறையியலுக்கு வெளியே இல்லை, உள்ளேயேதான் இருக்கிறது. சாதி பார்ப்பது சாவான பாவம் என்று ஞானோபதேசத்தில் எழுதுங்கள்; முதல் நன்மைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் அதைக் கேளுங்கள். அபராதமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் கொடுக்காதீர்கள்; கல்லறைச் சுவரை இடித்துவிட்டு வா என்று கொடுங்கள். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் குருமடத்திலும் ஆயர் இல்லத்திலும் நமக்கு எடுத்துக்கொண்டதைக் கணக்குப் பார்த்துத் திருப்புங்கள். அதற்குப் பிறகு மன்னிப்பைப் பற்றிப் பேசலாம். மன்னிக்கவேண்டியது நாங்கள் என்பதையும் அப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் மிஷன் வீதிப் பக்கம் போனால் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். 1745இல் இடித்த சுவரும் இல்லை, அது நின்ற கோயிலும் இல்லை. 1761இல் இங்கிலீஷ்காரன் ஊரைத் தரைமட்டமாக்கியபோது எல்லாம் போயிற்று. பெரிய பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்ட அந்த மனுசர்களின் பெயரும் எங்கேயும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி மட்டும் பதில் வராமல் அப்படியே இருக்கிறது. அடுத்த பிரசங்கத்தில் அருளைப் பற்றிச் சொன்னால் எழுந்து நின்று அதைக் கேளுங்கள்.